நின்று நின்று போன புது வண்டி: ஆம்பூரிலிருந்து வேலூர் வரை

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். ஐம்பது கிலோமீட்டர், நல்ல சாலை, பேருந்துக்கும் பஞ்சமில்லை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்த வழியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் கணவரே கேட்டார். இரண்டு வகையினருக்காக எழுதுகிறேன். சின்னக் குழந்தையோடு பைக்கில் இந்த வழியில் போகிறவர்கள் ஒரு வகை. புது வண்டி வாங்கி, அது நடுவழியில் நின்று, 'வாரண்டி இருக்கே' என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. நீங்கள் இரண்டுமாக இருந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நடந்தது சென்ற கோடையில். எழுத இத்தனை மாதம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு இப்போது மூன்று வயது.

எங்கள் மகள் மிருதுளாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவளுக்கு ஒன்றரை வயது ஆனபோதுதான் தெரிந்தது. இரண்டு வயதில் காதுக் கருவி மாட்டினோம். வீட்டில் அதை மிஷின் என்போம். மிஷின் மாட்டினால் மட்டும் போதாது, கேட்கவும் பேசவும் பழக்க வேண்டும் என்றார்கள். அதற்கான வகுப்பு வேலூரில், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. ஆரம்பத்தில் பேருந்தில் போனோம். ஏர் ஹாரன் ஒரு முறை அலறினால் போதும், மிது மிஷினைப் பிடுங்கி எறிந்துவிடுவாள். ஒரு முறை அது ஜன்னல் வழியாக வெளியே போகப் பார்த்தது. நான் பிடித்துவிட்டேன். இறங்கும்வரை அதைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பைக்கில் அவள் அப்படிச் செய்வதில்லை. காது மூடும் துணித் தொப்பியைப் போட்டு முன்னால் உட்கார வைத்தால், வேலூர் வரை ராணி மாதிரி வருவாள். கணவரின் பழைய வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்பதால் புது வண்டி எடுத்தோம். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். வண்டியை ஆம்பூரில் எடுக்காமல் வேலூரில் எடுத்தோம், கேட்ட நிறம் அங்கேதான் இருந்தது. படிக்கிறவர்கள் இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிறத்துக்காக வெளியூரில் வண்டி எடுக்காதீர்கள்.

(குழந்தையைப் பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார வைப்பது ஆபத்து என்று கீழே கமெண்ட் எழுத வேண்டாம். தெரியும். இப்போது அப்படி உட்கார வைப்பதில்லை. எப்படி நிறுத்தினோம் என்பதும் இதில் வரும்.)

முதல் மாதம் பிரச்சினை இல்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாதனூர் தாண்டியதும் ஓடிக்கொண்டிருந்த வண்டி 'டப்'பென்று நின்றது. இருமலோ திணறலோ எதுவும் இல்லை. மீட்டர் ஒரு நொடி இருண்டு, திரும்ப எரிந்தது. பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாகப் போனது. இவர் பட்டனை அழுத்தினார், உடனே கிளம்பியது. அடுத்த வாரம் பள்ளிகொண்டாவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நின்றது. அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு இடத்தில். நான் ஏற்கெனவே சின்ன விஷயத்துக்கும் பயப்படுகிறவள். மூன்றாவது முறைக்குப் பிறகு, பின்சீட்டில் உட்கார்ந்து ஐம்பது கிலோமீட்டரும் பின்னால் வரும் லாரிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆம்பூர் ஷோரூமுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மேடம், வண்டி வேலூர்ல எடுத்திருக்கீங்க. அங்கயே காமிச்சிடுங்களேன்."

"எங்க வேணா காமிக்கலாம்னு புக்ல போட்டிருக்கே?"

"போட்டிருக்கு மேடம். ஆனா அங்க காமிச்சா சீக்கிரம் ஆவும்."

வேலூர் ஷோரூமுக்குத் தொலைபேசியில் கேட்டோம். "ஆம்பூர்ல இருக்கீங்க, அங்கயே காமிங்க சார். இங்க வர்றது உங்களுக்குத்தான் பேஜார்" என்றார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள். இரண்டு பக்கமும் இத்தனை அக்கறை காட்டினால் வண்டி எங்கே போகும்?

ஒருவழியாக ஆம்பூரில் எடுத்துக்கொண்டார்கள். வண்டியை உள்ளே விடும்போது ஒரு வழக்கம் உண்டு. சாவியில் நாம் மாட்டியிருக்கும் கொத்தை, அதாவது கீ செயினை, கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டு, எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையை மாட்டி ஆணியில் தொங்கவிடுவார்கள். எங்கள் கொத்து கொஞ்சம் பெரியது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும், கம்பெனியில் மிஞ்சும் தோல் துண்டில் செய்வது. எங்களுடையது உள்ளங்கை அகலத்தில், கீழே பட்டை பட்டையாய்க் குஞ்சம் வைத்தது. அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாலையில் தொலைபேசி வந்தது. "டெஸ்ட் ஓட்டிப் பார்த்தோம் சார், ஒண்ணும் நிக்கல. வாட்டர் வாஷ் பண்ணி வச்சிருக்கோம்." சாவியை வாங்கி, கொத்தை மாட்டி, வீட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை வண்டி நின்றது.

இதே கதை மறுபடி, அதற்கு மறுபடியும். ஒரு முறை "பெட்ரோல் சரியில்ல, பங்க் மாத்துங்க" என்றார்கள். ஒரு முறை "சார் கிளட்ச்ச பாதியிலயே விட்டுடுறாரு" என்றார்கள். பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவரைப் பார்த்து! ஒவ்வொரு முறையும் வாட்டர் வாஷ் மட்டும் தவறவில்லை. ஆம்பூரிலேயே அதிகம் குளித்த வண்டி எங்களுடையதுதான்.

எனக்கு ஷோரூம்காரர்கள்மேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் வந்த கோபம் ஜாஸ்தி. அங்கே போனால் குரலே எழும்பாது.

"கம்ப்ளைண்ட்னு அழுத்திச் சொன்னா எவனோ ஒருத்தன் தலையிலதான் விழும் சுதா. எங்க கம்பெனியில வெளிநாட்டுல இருந்து ஒரு ஜோடி திரும்பி வந்தா, அன்னிக்கு லைன்ல ஒருத்தன் அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போவான்."

"அவன் அழுவான்னு நாம ரோட்ல சாவலாமா?"

"அவங்க இன்னா கேக்குறாங்க? காமின்னு கேக்குறாங்க. நாம காமிக்கல. தப்பு எங்கன்னு அம்பு ஒட்டாம நானே ஒரு ஷூவ ஒதுக்க மாட்டேன்."

அம்பு என்றது அவருடைய தொழில் சமாசாரம். நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் பட்டையாக வரும். ஷூவில் கீறலோ தையல் விட்டதோ இருந்தால், சரியாக அந்த இடத்தைக் காட்டும்படி ஒன்றை ஒட்ட வேண்டும். 'இந்த ஷூ எனக்குப் பிடிக்கவில்லை' என்று செக்கர் சொல்ல முடியாது. வாயால் எதுவும் சொல்லவே கூடாது. அம்புதான் பேச வேண்டும்.

இதற்குள் பயத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டோம். வகுப்பு டீச்சர் கோபமே இல்லாமல் தொலைபேசியில் சொன்னார்: "தொடர்ந்து மூணு தடவ வரலைன்னா இடத்த வேற குழந்தைக்குக் கொடுக்கணும்மா. நிறைய பேர் காத்திருக்காங்க." மிது அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. வேண்டுமென்றால் அழுவாள், வேண்டாமென்றால் அழுவாள். இந்த இடம் போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எனவே மூன்றாவது சனிக்கிழமை எப்படியும் போவது, வகுப்பு முடிந்ததும் வேலூர் ஷோரூமிலேயே வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தோம். வழியில் விரிஞ்சிபுரம் கோயிலுக்கும் போகச் சொன்னார் என் அம்மா. அங்கே சுவாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் பலர் அங்கேதான் பூஜை போடுவார்கள். நாங்கள் வேலூரில் வண்டியை எடுத்த அன்று நடை சாத்திவிட்டதால் விட்டுப்போயிருந்தது. "பூஜை போடாம ஓட்டினா நிக்காம இன்னா பண்ணும்?" என்பது அம்மாவின் வாரண்டி.

காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தில் கம்பெனி பேருந்துகள் ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். நெடுஞ்சாலை ஏறிவிட்டால் சுகம். வெயில் ஏறாத காற்று, தூரத்தில் மலை. மாதனூர் சுமார் பன்னிரண்டாவது கிலோமீட்டர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகப் போய்விடலாம். அதற்குப் பிறகு பத்து கிலோமீட்டர் போனால் செதுவாலை. அங்கே நெடுஞ்சாலையை விட்டு இடது பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம்.

திரும்பி அரை கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம். எதிரே ஆட்டு மந்தை. வண்டி 'டப்'பென்று நின்றது.

நான் இறங்கிவிட்டேன். "நான் நடந்தே வர்றேன், நீங்க மெதுவா வாங்க" என்றேன். கோபம்தான், வேறென்ன. இவர் திரும்ப ஸ்டார்ட் செய்து முதல் கியரில் உருட்டியபடி வர, நான் பக்கத்திலேயே நடந்தேன். பின்சீட்டிலிருந்து எனக்கு எப்போதும் தெரிவது இவருடைய முதுகும் ஹெல்மெட்டும்தான். அன்றுதான் முதல்முறையாக மிது முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

அவள் கையில் சாவிக்கொத்தின் குஞ்சம் இருந்தது. ஆடுகளைப் பார்த்தாள். குஞ்சத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். மீட்டர் இருண்டது. எஞ்சின் நின்றது. கையை விட்டாள். மீட்டர் எரிந்தது. அவள் நிம்மதியாக ஆடு பார்க்கத் தொடங்கினாள்.

"ஏங்க, இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க."

"எதுக்கு?"

"பண்ணுங்களேன்."

கிளம்பினார். பத்தடி போனதும் திரும்ப ஒரு சுற்று, ஒரு இழுப்பு, 'டப்'. இந்த முறை இவரும் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளா?"

ஆடு ஓட்டி வந்த அம்மா எங்களைக் கடக்கும்போது நின்றார். "இன்னாம்மா, வண்டி நின்னு நின்னு போவுது? புதுசா?"

"புதுசுதாங்க."

"புதுசு அப்படித்தான் அடம் பண்ணும். எங்க மருமக மாதிரி" என்று சொல்லிவிட்டு, மிதுவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஆடுகளோடு போய்விட்டார்.

இவர் தன் பர்சைத் திறந்தார். உள்ளே அம்பு ஸ்டிக்கர் பட்டை இருந்தது. ஒன்றை உரித்து, சாவித் துவாரத்தைக் காட்டும்படி ஒட்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "காமிச்சாச்சு" என்றார். ஷோரூமில் ஏன் ஒரு நாளும் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே கொத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இழுக்கிற ஆளையும் நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். மாதனூரில் வண்டி நின்ற இடத்தில் குட்டையில் வாத்துகள் இருந்தன. பள்ளிகொண்டாவில் எதிரே பலூன்காரர். ஒரே நாளில் இரண்டு முறை நின்றதே, ஒன்று சாலை நடுவில் படுத்திருந்த மாடுகளிடம், இன்னொன்று தண்ணீர் பீய்ச்சி லாரி கழுவிக்கொண்டிருந்த இடத்தில். ஒவ்வொரு இடத்தையும் ஷோரூமில் ஒப்பித்து ஒப்பித்து எனக்கு மனப்பாடம். அந்த இடங்களில் பார்க்க என்ன இருந்தது என்று மட்டும் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. வண்டி பழுதாகி நின்றதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். சொன்ன ஒவ்வொரு முறையும் அது நின்றிருக்கிறது.

சாலை ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இவர் மிதுவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, கொத்தைச் சாவியிலிருந்து கழற்றினார்.

கோயிலில் கூட்டம் இல்லை. காலையில் போவதே நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். உயரமான மதில், அகலமான பிராகாரம், குழந்தைகள் ஓட நிறைய இடம். உள்ளே நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல் ஒன்று இருக்கிறது, தவறவிட வேண்டாம். வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். சிவப்பு அம்பைப் பார்த்து, "இது இன்னா குறி?" என்று கேட்டார். "அங்கதான் சாமி கோளாறு" என்றார் இவர். குருக்கள் அங்கேயும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

அங்கிருந்து வேலூர் பதின்மூன்று கிலோமீட்டர். மிதுவை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து, என் துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் முன்னால் போக வேண்டும் என்று அழுதாள். வகுப்புக்குப் பத்தரைக்குச் சற்று முன்பே போய்விட்டோம். இடம் போகவில்லை. நடந்ததை டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார்.

"புள்ள ரெண்டு மாசமா பேசிட்டு இருக்கா. நீங்க வண்டிய சர்வீஸ்ல விட்டுட்டு இருந்திருக்கீங்க."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "தனக்கு வேணுங்கிறத இன்னொருத்தருக்குத் தெரிவிச்சா அது நடக்கும்னு அவளுக்குப் புரிஞ்சிருச்சும்மா. அதுதான் முதல் படி. வாய் வார்த்தை பின்னாடி வரும். இத மட்டும் விட்டுடாதீங்க." எதை விடக்கூடாது என்று கேட்க நினைத்தேன். அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது.

வகுப்பு முடிந்து லாங் பஜார் பக்கம் போனோம். மிஷினை நனையாமல் வைக்க, குடைத் துணியில் தைத்த சின்னப் பை ஒன்று வாங்க நினைத்தோம். அந்தப் பக்கம் சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பைக்கோடு போகாதீர்கள். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. வாங்காமலே ஷோரூமுக்குப் போனோம்.

வேலூர் சர்வீஸ் மேலாளர் நல்ல மனிதர்தான். பேசுவதற்கு முன்பே 'வாட்டர் வாஷா சார்?' என்று கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு. அம்பைப் பார்த்தார். "இன்னா சார் இது?"

"தப்பு இங்க இருக்கு சார். சாவிய பக்கவாட்டுல இழுத்தா இன்ஜின் நின்னுடுது."

"எங்க, காமிங்க?"

காட்டத்தான் வந்திருந்தோம். கொத்தைத் திரும்ப மாட்டி, மிதுவை முன்னால் உட்கார வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தோம். அவள் குஞ்சத்தைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இம்தியாஸ் என்று ஒரு மெக்கானிக் அண்ணன், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இழு பாப்பா, இழும்மா, அண்ணனுக்கு ஒரு தடவ." ம்ஹூம். இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் குரங்கு மாதிரி நடித்துக் காட்டினார். மிது அவரை இரக்கத்தோடு பார்த்தாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "சார், சும்மா இழுக்க மாட்டா. பார்க்க ஏதாவது இருந்தாதான் நிறுத்துவா. வண்டிய ஓட்டுங்க."

இவர் மகளோடு பட்டறை முற்றத்தைச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று, ஒன்றுமில்லை. அடுத்த சுற்றும் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில், பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, 'டப்'.

பட்டறையே கை தட்டியது. இம்தியாஸ் அண்ணன், "மாஷா அல்லா, இவதான் எங்க அடுத்த டெஸ்ட் ரைடர்" என்று மிதுவுக்கு ஒரு சலாம் வைத்தார்.

மேலாளர் குனிந்து கொத்தைத் தூக்கிப் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறியது. "சார், இது வெளி சாமான். கொத்து வெயிட்டு. இதுக்கு வாரண்டி வராது."

வழக்கம்போல இவர் தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். இவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"சார், நான் ஷூ கம்பெனியில செக்கர். ஒரு ஷூ வருது. லேஸ இழுத்துக் கட்டினா கொக்கி பிச்சிக்கிது. கஸ்டமர் லேஸ இழுத்தது தப்புன்னு நான் எழுதினா எங்க மேனேஜர் இன்னா சொல்வாரு? இழுக்கத்தான் சார் லேஸு. சாவின்னா கொத்து மாட்டத்தான் அதுல ஓட்டை விட்டிருக்கீங்க. இது ரெண்டே முக்கா வயசு குழந்தை இழுக்குற இழுப்பு. இதுக்கு நின்னா, பள்ளத்துல விழுந்தாலும் நிக்கும்."

"அது சரி சார். ஆனா குழந்தை இழுத்துச்சுன்னு எழுதினா கம்பெனி ஒத்துக்க மாட்டாங்க."

"அத ஏன் சார் எழுதணும்?" என்றேன் நான். "சாவி அசைஞ்சா இன்ஜின் நிக்குதுன்னு எழுதுங்க. அதுதானே நீங்களே பார்த்தீங்க?"

மேலாளர் இம்தியாஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாவியை விரலால் லேசாக ஆட்டி, "உள்ள பிளேட்டு லூசு சார். புது லாக் போடணும்" என்றார். மேலாளர் அப்படியே எழுதினார். பூனைக் குட்டிகளைப் பார்த்து முடிக்கும்வரை மிது அங்கிருந்து வர மறுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

லாக் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை வெறும் சாவியோடு, மிதுவை நடுவில் வைத்து, இடது ஓரமாக மெதுவாகப் போய்வந்தோம். இவர் கம்பெனியில் கிடைத்த பட்டையில் அவளுக்கு ஒரு இடுப்பு பெல்ட் தைத்தார். ஒரு முனை என் இடுப்பிலும் ஒரு முனை அவர் இடுப்பிலும் கட்டுவது. மிதுவுக்கு அது பிடிக்கவில்லை. முன்னால் போகக் கேட்டு அழுதாள். பிறகு அழுகையை விட்டுவிட்டாள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆடு வரும், மாடு வரும், பேசாமல் பார்த்துக்கொண்டே வருவாள், அவை பின்னால் போய்விடும்.

புது லாக் போட்டார்கள். காசு வாங்கவில்லை. வாட்டர் வாஷும் செய்திருந்தார்கள். மேலாளர் தானே சாவியைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்துக் காட்டினார். வண்டி நிற்கவில்லை. நானும் இழுத்துப் பார்த்தேன். நிற்கவே இல்லை. நான் எத்தனை நாள் வேண்டிக்கொண்ட விஷயம்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "சரி பண்ணிட்டாங்க" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டி, சாலைக்கு வலது பக்கம் ஒரு வயலில் நெல் அறுக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நூறு கொக்காவது இருக்கும், எந்திரம் நகர நகர எழுந்து எழுந்து உட்கார்ந்தன. எனக்கும் இவருக்கும் நடுவில் இருந்த உடம்பு விறைத்தது. இவர் முதுகைச் சுற்றி அவள் கை சாவியைத் தேடிப் போனது. எட்டவில்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அவள் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள்.

இவர் கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, சாலையை விட்டு நன்றாக இறக்கி, ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"சொல்லும்மா" என்றார், திரும்பாமல்.

அவள் கொக்கு பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வண்டியை உங்கள் ஊரிலேயே எடுங்கள். பழுது எங்கே, எப்போது, வண்டியில் யார் யார் இருக்கும்போது வந்தது என்று பாருங்கள். ஷோரூமில் விடும்போது வண்டி வழக்கமாக எப்படி ஓடுகிறதோ அப்படியே விடுங்கள், எதையும் கழற்றிக்கொண்டு வராதீர்கள். டெஸ்ட் ஓட்டும்போது கூடப் போங்கள். என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள், யாரால் என்பதை அல்ல. கவுண்டரில் இருப்பவர்களிடம் கத்த வேண்டாம், ஆனால் இடத்தை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். குழந்தையை டேங்கின்மேல் உட்கார வைக்காதீர்கள். பெல்ட் கட்டி நடுவில் வையுங்கள், தலைக்கும் ஹெல்மெட் வேண்டும். கோடையில் பத்து மணிக்கு மேல் இந்தச் சாலையில் குழந்தையோடு போக வேண்டாம். விரிஞ்சிபுரத்தைக் காலையில் பாருங்கள்.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பைக்கில் எவ்வளவு நேரம் என்று பலர் கேட்கிறீர்கள். நிற்காமல் போனால் ஒன்றே கால் மணி நேரம். நாங்கள் இப்போது இரண்டரை மணி நேரம் வைத்துக் கிளம்புகிறோம்.